நடக்கச் சொல்லும் கனவான்களுக்கு!

"குறைவாகச் சாப்பிடு! அதிகமாக நட! சர்க்கரை வியாதி உன்னை அண்டாது!"

இந்த உபதேசத்தை நாம் கேட்காத நாளில்லை. பத்திரிகையைப் பிரித்தால் அது. தொலைக்காட்சியைத் திருப்பினால் அது. முதலாளி தன் ஆலையில் நடத்தும் ஆரோக்கிய தினக் கூட்டத்திலும் அதுவேதான். உபதேசம் செய்யும் கனவான்கள் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று அதில் உண்டு. உனக்கு வியாதி வந்தது உன் குற்றம்; நீ சோம்பேறி; நாக்கை அடக்கத் தெரியாதவன்; ஆகவே மருந்துச் செலவும் உன் தலையிலேயே விடியட்டும் என்பதுதான் அந்தச் செய்தி.

நாம் நடப்பதற்கு விரோதிகள் அல்ல. உடலை அசைப்பது நல்லது, அளவறிந்து உண்பது நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. விஞ்ஞானம் அதைச் சொல்கிறது. நாம் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர்கள். ஆனால் விஞ்ஞானம் அதோடு நிற்கவில்லை. அது சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டு, மறுபாதியை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள் கனவான்கள். அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதே நம் நோக்கம்.

யாருடைய வியாதி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அது கணக்கிட்டது. அந்த வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். இத்தனை கோடிப் பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா? நாக்கு ருசிக்கு அடிமையாகிவிட்டார்களா?

"இது பணக்கார வியாதி" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அதுவும் மாறிக்கொண்டு வருகிறது. அதே ஆய்வுக் குழு 15 மாநிலங்களில் கணக்கெடுத்து 2017ல் வெளியிட்ட முடிவு என்ன? வளம் மிகுந்த மாநிலங்களின் நகரங்களில், வசதி படைத்தவர்களைவிட வசதியற்றவர்களிடையேதான் சர்க்கரை வியாதி அதிகம்! பணக்காரன் தன் வியாதியையும் ஏழையின் தலையில் இறக்கி வைத்துவிட்டான். பங்களாவில் இருந்தவன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். குடிசையில் இருந்தவன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறான்.

இது ஏன் நடந்தது? உடம்பின் கதையிலிருந்தே தொடங்குவோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் செல்ல உத்தரவு கொடுப்பது, கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன். உத்தரவு போதாமல் போனாலும், தசை அந்த உத்தரவுக்குச் செவிசாய்க்காமல் போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் என்று ஒவ்வொன்றாக அரிக்கிறது.

உழைக்கும் தசை, இன்சுலினின் உத்தரவு இல்லாமலேகூடச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடைக்கு இருக்கும் மகிமை அதுதான். ஆனால் உடம்பில் ஹார்மோன் ஒன்றல்ல. பயமும் மனக்கவலையும் வந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்து, ஈரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. இரவில் உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதே குறைவு.

தூக்கத்தைப் பறிப்பது யார்? கவலையைத் தருவது யார்? தட்டில் என்ன விழ வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? உடற்கூறு இங்கே முடிந்து, சமூகக்கூறு தொடங்குகிறது.

லண்டன் பஸ் சொல்லும் பாடம்

உடலசைவின் மகிமையை உலகுக்கு முதலில் எண்ணிக் காட்டிய ஆய்வு எது தெரியுமா? உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்ததல்ல. தொழிலாளிகளின் மத்தியில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரின் உடல்நலத்தை ஆராய்ந்து 1953ல் முடிவை வெளியிட்டார். மாடி பஸ்ஸின் டிரைவர் வேலை நேரம் பூராவும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆயினும் டிரைவரைவிடக் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அது உயிரைப் பறிப்பது குறைவு.

"பருமனானவன் டிரைவர் வேலையைத் தேடிப் போயிருப்பான்" என்று சிலர் ஆட்சேபித்தார்கள். மாரிஸ் சீருடைக் கணக்கை எடுத்துக் கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியோ பருமனோ, கண்டக்டருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவே செய்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? டிரைவர் சோம்பேறி என்பதா? பல மணி நேரம் அவரை ஆசனத்தில் கட்டிப்போட்டது அவருடைய சுபாவமல்ல, அவருடைய வேலை! மனிதனின் உடலசைவைத் தீர்மானிப்பது அவன் மன உறுதியைவிட அவன் உழைப்பின் அமைப்பே என்பதுதான் மாரிஸ் கண்ட உண்மை. எழுபதாண்டு கழித்தும் அதைக் கனவான்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"தொழிலாளிக்கு எதற்கு உடற்பயிற்சி?"

உடனே வேறொரு குரல் எழும்பும். "அப்படியானால் மூட்டை தூக்குபவனுக்கும் கல் உடைப்பவனுக்கும் வியாதியே வரக்கூடாதே! அவர்களுடைய வேலையே பயிற்சிதானே!" என்று.

டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 2021ல் இதற்குப் பதில் சொன்னார்கள். சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இருதய வியாதியும் மரணமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கோ அவை கூடின! ஒரே உடம்பு, ஒரே தசை. ஒன்று காக்கிறது, மற்றது கொல்கிறது. காரணம் என்ன? மைதானத்தில் ஓடுபவன் களைத்தால் நிற்கிறான். சுமை தூக்குபவன் களைத்தால் நிற்க முடியாது. மணிக்கணக்கில் இரத்த அழுத்தம் ஏறியே நிற்கிறது; மறுநாள் காலைக்குள் உடம்பு தேறுவதற்கு ஓய்வில்லை. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது.

கண்டக்டரைக் காத்த படி, சுமைகூலியை ஏன் காக்கவில்லை என்பது இப்போது விளங்கும். அசைவு மட்டும் போதாது. அசைவுக்கு அளவு வேண்டும். அளவுக்குப் பின் ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பின் வயிறு நிறைய நல்ல உணவு வேண்டும். இந்த மூன்றும் கூலி உயர்வின் பிரச்னை. வேலை நேரத்தின் பிரச்னை.

பதவி குறைந்தால் ஆயுள் குறையும்!

பிரிட்டிஷ் சர்க்கார் ஊழியர்களிடையே 1967ல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரும் தோழர்களும் அதன் கணக்கை 1978ல் வெளியிட்டார்கள். உச்சியில் உள்ள அதிகாரியைவிட, அடிப்படியில் உள்ள சிப்பந்திக்கு இருதய வியாதியால் மரணம் மூன்று மடங்குக்கும் மேல்! இத்தனைக்கும் இருவருக்கும் இலவச வைத்தியம் உண்டு. புகைபிடித்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் வேலையில் தனக்கென எந்த அதிகாரமும் இல்லாதவனின் இருதயம்தான் அதிகம் அடிபடுகிறது என்பது பின்னால் நடந்த ஆய்வுகளிலும் தெரிந்தது.

ராத்திரி ஷிப்டின் கதையோ இன்னும் கொடிது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் ராத்திரி ஷிப்டு வேலையை 2007ல் சேர்த்தது. ஷிப்டு வேலையையும் சர்க்கரை வியாதியையும் இணைத்துக் காட்டும் ஆய்வுகள் பல வந்துவிட்டன. நூல் ஆலையில் விடிய விடிய நிற்கும் பெண்ணிடம் போய், "காலையில் எழுந்து நடந்தால் நல்லது" என்கிறார்கள். அவள் காலையில் எழுவது எங்கே? அவள் தூங்கப் போகும் நேரமல்லவா அது!

தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரல் 21ந் தேதி என்ன நடந்தது? தினசரி வேலை நேரத்தை 12 மணியாக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. அந்த மசோதா சட்டமாகியிருந்தால் எத்தனை ஆயிரம் உடம்புகளில் சர்க்கரை ஏறியிருக்கும்? நடைப்பயிற்சி உபதேசிகள் அன்று எங்கே போயிருந்தார்கள்? ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே! எட்டு மணி வேலைநாளைக் காத்த தொழிலாளிகள், அந்த ஒரு வாரத்தில் செய்த பொது சுகாதார சேவை, நூறு ஆரோக்கிய தினக் கூட்டங்கள் செய்யாதது.

கருவிலேயே விதைக்கப்படும் வியாதி

புனே நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1993 முதல் டாக்டர் யாஜ்னிக்கும் குழுவினரும் கர்ப்பிணிகளைக் கவனித்து வந்தார்கள். அந்தத் தாய்மார்கள் ஒல்லியானவர்கள். வயலிலும் வீட்டிலும் ஓயாத வேலை. அவர்கள் பெற்ற குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தையின் எடை 3.5 கிலோ. எடை குறைந்தது எதில்? தசையில்! கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த பிள்ளை, உள்ளே கொழுப்பு. கருவில் பட்டினி கிடந்த உடம்பு, கிடைத்ததைச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பின்னால் அதே உடம்பு நகரத்துக்கு வந்து, உட்கார்ந்த வேலையும் மலிவான மாவுப்பண்டமும் கிடைத்தால், சர்க்கரை வியாதி கதவைத் தட்டுகிறது.

ஹாலந்து நாட்டிலும் இதுவே கண்டது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவு போகும் வழியை அடைத்தார்கள். மேற்கு ஹாலந்து மக்களுக்குக் கிடைத்த ரேஷன், நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களை அரை நூற்றாண்டு கழித்துச் சோதித்தார்கள். சர்க்கரையைக் கையாளும் சக்தி அவர்கள் உடம்பில் குறைந்திருந்தது.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பிறக்குமுன்பே பட்டினி போடப்பட்ட குழந்தையைப் பார்த்து, நாற்பது வயதில் "நீ ஏன் அளவாகச் சாப்பிடவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

தட்டில் என்ன இருக்கிறது?

"சோற்றைக் குறை, பருப்பு, கீரை, முட்டை, சிறுதானியம் சாப்பிடு" என்கிறார்கள். நல்ல யோசனை! விலை யார் கொடுப்பது?

ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைப்பது அரிசி. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அல்ல நாம். அந்த அரிசி இல்லாவிட்டால் பட்டினிச் சாவைப் பார்த்திருப்போம். போராடிப் பெற்ற உரிமை அது. அதில் கை வைக்க எவனையும் விடமாட்டோம். 2007 முதல் மானிய விலையில் பருப்பும் பாமாயிலும் தருகிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளுக்குக் காணும்? அரிசி தீராமல் இருக்க, பருப்பு முதல் வாரத்திலேயே தீர்ந்தால், தட்டில் சோறுதானே மிஞ்சும்? 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் பாட்டன்மார் உண்ட கேழ்வரகும் கம்பும் இன்று வசதிக்காரர்கள் கடையில் அழகான பொட்டலத்தில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. உழுதவன் வீட்டிலிருந்து அவை போய்விட்டன.

உபதேசத்துக்குப் பின்னால் பணப்பை

1967ல் அமெரிக்காவின் பிரபல மருத்துவ இதழில் ஹார்வர்டு நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருதய வியாதிக்குக் கொழுப்பே காரணம் என்று அழுத்திச் சொல்லி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக் காட்டியது அது. அதை எழுதுவதற்குச் சர்க்கரை முதலாளிகளின் சங்கம் சுமார் 6,500 டாலர் கொடுத்திருந்தது! இந்த உண்மை பழைய கடிதங்களிலிருந்து 2016ல்தான் அம்பலமாயிற்று.

2015ல் இன்னொரு கூத்து. "உடல் பருமனுக்குச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள், உடற்பயிற்சி போதாததே காரணம்" என்று பிரசாரம் செய்ய அமெரிக்காவில் நிபுணர்களின் அமைப்பு ஒன்று முளைத்திருந்தது. அதன் பின்னால் கோகோ கோலா கம்பெனியின் 15 லட்சம் டாலர் இருந்தது. குட்டு வெளிப்பட்டதும் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அமைப்பு கலைந்தது. அமைப்பு கலைந்தாலும் அதன் பல்லவி கலையவில்லை. நட, நட என்று மட்டும் சொல்லி, பாட்டிலைப் பற்றிப் பேசாமல் இருப்பது யாருக்கு லாபம்? வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

சிலி நாடு 2016ல் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களின்மேல் கறுப்பு எச்சரிக்கை முத்திரை குத்தியது. இங்கோ 2022ல் வந்த நகல் விதி, எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுக்கச் சொன்னது! விஷத்துக்கும் இரண்டு நட்சத்திரமா?

ஒரு டாலர் மருந்து

1922 ஜனவரி 11ந் தேதி, கானடாவின் டொரண்டோ நகரில் சாகக்கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. பாண்டிங்கும் பெஸ்ட்டும் அவர்களுடைய சகாக்களும் கண்ட மருந்து அது. அதன் பேடண்டு உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். 1965ல் சீன விஞ்ஞானிகள் கூட்டாக உழைத்து இன்சுலினைச் செயற்கையாகவே உருவாக்கிக் காட்டினார்கள்.

இன்று? உலக இன்சுலின் வியாபாரத்தில் மதிப்பின்படி 90 சதவீதத்துக்கு மேல் மூன்றே கம்பெனிகளின் கையில்! இன்சுலின் பிறந்து நூறாண்டு ஆன பிறகும், தேவைப்படுவோரில் ஏராளமானவர்களுக்கு அது எட்டவில்லை என்று 2021ல் உலக சுகாதார ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் மருந்தைப் பங்கிட்டுப் போட்டுக்கொண்ட நோயாளிகள் கூக்குரலிட்ட பிறகே, 2023ல் ஒரு கம்பெனி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. குறைத்தும் லாபம் வருமென்றால், முன்னே வாங்கியது என்ன விலை? கொள்ளை விலையல்லவா!

நம் நாட்டில் 1954ல் பிம்ப்ரியில் சர்க்கார் மருந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1961ல் ஐ.டி.பி.எல். நிறுவனம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1970 பேடண்டு சட்டம் மருந்தை மலிவாக்கியது. 2005ல் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை இழுத்து மூட மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. பத்துக் கோடி நோயாளிகள் உள்ள நாட்டில், மருந்து செய்யும் சர்க்கார் ஆலையை மூடுகிறவர்கள், நோயாளியை நடக்கச் சொல்கிறார்கள்!

நாம் சொல்வது என்ன?

"தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. தோழர்களே, நடக்க முடிந்தால் நடங்கள். இனிப்புப் பானத்தை விட்டுவிடுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்; டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். வியாதியோடு வாழும் தோழர் வெட்கப்பட வேண்டியதில்லை. வீடு தேடி மாத்திரை தரும் திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், அதில் வேலை செய்யும் பெண்களுக்கு உரிய ஊதியமும் கேளுங்கள்.

ஆனால் தனிமனிதனின் பொறுப்பு, சமூகத்தின் பொறுப்பைத் தள்ளுபடி செய்யாது. நாம் கோருவது இவைதான்:

எட்டு மணி வேலைநாளில் கை வைக்காதே! ராத்திரி ஷிப்டுக்கு வரம்பு கட்டு. ஷிப்டுத் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை கொடு!

ரேஷனில் அரிசியோடு, அரிசியைக் குறைக்காமல், போதுமான பருப்பும் கேழ்வரகும் நிலக்கடலையும் கொடு!

2017 சட்டம் கொண்டுவந்த 26 வாரப் பிரசவ விடுப்பு, விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் கட்டடத் தொழிலாளிப் பெண்ணுக்கும் எட்டவில்லை. அவர்களுக்கும் கூலியோடு விடுப்புக் கொடு!

சர்க்கரைப் பண்டங்களில் நட்சத்திரம் வேண்டாம். எச்சரிக்கை முத்திரை குத்து!

ஆரம்ப சுகாதார நிலையம் தோறும் இன்சுலின் இருக்கட்டும். சர்க்கார் மருந்து ஆலைகளைத் திற!

ஊர் மைதானங்களைக் கட்டடமாக்காதே. நடக்கச் சொல்கிறவர்களே, முதலில் நடக்க இடம் கொடுங்கள்!

இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு ஆலைவாயிலிலும் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் பேசுவோம். மாதர் சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதைத் தங்கள் வேலைத்திட்டத்தில் சேர்க்கட்டும். நம்மை நடக்கச் சொன்னார்கள் அல்லவா? நடப்போம். கோரிக்கை மனுவோடு, கொடியோடு, கலெக்டர் ஆபீஸ் வரை சேர்ந்தே நடப்போம்!